யாருக்கு என்று எழுதாத உயில்

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், 1930-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள், ஸ்டாக்ஹோம் நகரில் சுவீடன் மன்னர் கையால் நோபல் பரிசு பெற்றார் என்பது மாணவர் அனைவரும் அறிந்த செய்தி. அப்பரிசு ஆல்பிரெட் நோபல் எழுதிய உயிலினின்றும் பிறந்தது என்பதையும் பலர் அறிவர். ஆனால், அவ்வுயில் நிறைவேறாமற் போவதற்கு எத்தனை காரணங்கள் இருந்தன என்பதைப் பாடநூல்கள் விரித்துரைப்பதில்லை. அதனையே இன்று சொல்லப் புகுகின்றேன்.

டைனமைட் என்னும் வெடிமருந்தைக் கண்டு, 1867-இல் அதற்குக் காப்புரிமை பெற்றுப் பெரும்பொருள் ஈட்டியவர் நோபல். அவர் மணம் புரிந்துகொள்ளவில்லை. அவருடைய ஆலைகளும் பங்குப் பத்திரங்களும் பல தேசங்களிற் சிதறிக் கிடந்தன. வீடுகளோ மூன்று: பாரிசில் ஒன்று, இத்தாலியின் சான் ரெமோவில் ஒன்று, சுவீடனில் போபர்ஸ் இரும்பாலையை அடுத்து ஒன்று. இம்மூன்று வீடுகள் பின்னர் எவ்வளவு தொல்லை விளைத்தன என்பதைக் காண்பீர்கள்.

1895-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள், பாரிசில் நான்கு சுவீடியர் சாட்சியாக நோபல் தம் இறுதி உயிலிற் கையொப்பமிட்டார். வழக்கறிஞர்மீது அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஆகவே, எவரையும் கலவாமல் தம் கைப்படவே எழுதினார். அண்ணன் மக்களில் இருவர்க்குத் தலைக்கு 2 லட்சம் குரோனர். மற்றொருவராகிய இம்மானுவேலுக்கு 3 லட்சம். பணியாளர்க்கும் தோட்டக்காரர்க்கும் ஆண்டுதோறும் உதவித்தொகை. இவ்வாறு சிலர்க்கு வழங்கியது போக எஞ்சிய சொத்து முழுவதையும் ஒரு நிதியாக்கி, அதன் வட்டியை ஐந்து கூறாக்கி, மனித குலத்துக்கு மிக்க நன்மை செய்தவர்க்கு ஆண்டுதோறும் பரிசளிக்க வேண்டும். பெறுபவர் எந்நாட்டவர் என்று பாராட்டலாகாது என்பதே உயிலின் சாரம். சொத்தின் மதிப்போ 3 கோடியே 10 லட்சம் குரோனருக்கு மேற்பட்டது!

இங்கே பள்ளி ஆசிரியனுக்குரிய ஒரு சொல் கூற அனுமதியுங்கள். கொடுத்தான் என்று ஒரு மாணவன் எழுதினால், யாருக்கு என்று நாம் வினவுவோம். கொடைப்பொருள் நான்காம் வேற்றுமைக்கு உரியது. தோட்டக்காரர்க்கு எழுதிய வாக்கியத்தில் அவ்வேற்றுமை இருந்தது. கோடிக்கணக்கான பொருளைப் பற்றிய வாக்கியத்திலோ அது விடுபட்டுப் போயிற்று! நிதி என்றாரேயன்றி, அந்நிதியை ஏற்றுக்கொள்ள எந்த நிறுவனமும் அன்று இருக்கவில்லை. பரிசுக்கு உரியவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைச் சுவீடன் விஞ்ஞானக் கழகம் முதலிய அமைப்புகளுக்கும், நார்வே நாட்டுச் சட்டசபைக்கும் விட்டார். ஆனால் அவர்களுடைய இசைவை முறைப்படி பெறவில்லை.

1896 டிசம்பர் 10 அன்று சான் ரெமோவில், உற்றார் எவரும் அருகில் இன்றி, நோபல் உயிர் நீத்தார். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு இருவர்மீது விழுந்தது. அவருள் பெருஞ்சுமை தாங்கியவர் ராக்னர் சோல்மன் என்னும் உதவியாளர். வயது 26, தொழில் இரசாயனம், சட்டம் பயின்றவர் அல்லர்.

முதற் கேள்வி, நோபல் எந்நாட்டுக் குடியினர் என்பது. பாரிசே அவர் வாழ்ந்த இடம் என்று பிரெஞ்சு நீதிமன்றம் கருதிவிடின், வரியும் வழக்கும் சொத்தை விழுங்கிவிடும். குறைபட்ட உயிலும் செல்லாமற் போகலாம். சோல்மன் காலம் தாழ்த்தவில்லை. பாரிஸ் வங்கியிலிருந்த பத்திரங்களைப் பெட்டிகளில் அடுக்கிக் குதிரை வண்டியில் ஏற்றி, கைத்துப்பாக்கியுடன் அருகே அமர்ந்து, சுவீடன் தூதரக அலுவலகத்துக்குக் கொண்டுசென்றார். அங்கே கட்டி முத்திரையிட்டு, நாள்தோறும் சிறிது சிறிதாக இரயில் வழியே வெளிநாட்டுக்கு அனுப்பினார். இறுதியில் போபர்ஸ் வீடே நோபலின் உறைவிடம் எனச் சுவீடன் நீதிமன்றம் கொண்டது. அவர் தம் வண்டிக் குதிரைகளை அங்கே வைத்திருந்ததும் இதற்குத் துணை செய்தது என்பர். குதிரைகளும் சாட்சி சொல்லும் போலும்!

உறவினருள் சிலர் உயிலை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். அவர்களை முற்றும் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. முன்பு எழுதிய உயிலில் உறவினர்க்கு இதனினும் பெரும்பங்கு இருந்தது. காரணம் கூறாமலே அது குறைக்கப்பட்டது. உயிருடன் இருக்கையில் ஒரு நாள் அழைத்து வைத்துப் பேசியிருந்தால் பாதி மனக்கசப்பு தோன்றியிராது.

நாட்டுப் பொருள் அயல்நாட்டார்க்குப் போவதோ என்று சுவீடன் பத்திரிகைகளிற் சில சினந்தன. ஆஸ்கர் மன்னரும் உயிலை விரும்பவில்லை. 1898-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் இம்மானுவேல் நோபலை அழைத்து, உயிலை மாற்ற முயலுமாறு அறிவுறுத்தினார். இம்மானுவேல் ருஷியாவில் பாக்கு எண்ணெய்க் கிணறுகளை நடத்திவந்தவர். சிற்றப்பனார்க்கு அக்கம்பெனியிற் பெரும்பங்கு இருந்தது; அதனை உடனே விற்றால் கம்பெனி ஆட்டங்காணும். ஆகவே, உயில் செல்லாது என்று வாதிட அவரினும் மிக்க காரணம் உடையவர் இலர். எனினும் அவர் இசையவில்லை. அறிஞர்க்கு உரிய பொருளைப் பறித்துக்கொண்டார்கள் என்ற பழி தம் உடன்பிறந்தார்மேல் வருவதைத் தாம் விரும்பவில்லை என்று மன்னரிடமே மறுமொழி கூறினார். உயிலை நிறைவேற்றுபவரைக் குறிக்க ருஷிய மொழியில் உள்ள சொல், ஆன்மாவின் ஆணையைச் செய்பவர் என்னும் பொருள் தருவதாம். அதனைச் சோல்மனுக்கு எடுத்துரைத்து, அவ்வண்ணமே நடந்துகொள்ளுமாறு ஊக்கியவரும் அவரே.

அதன்பின் வேலை எளிதாயிற்று. 1898 ஜூன் மாதத்தில், மற்ற உறவினர் ஒரு தொகை பெற்றுக்கொண்டு வழக்கைக் கைவிட்டனர். தயங்கி நின்ற விஞ்ஞானக் கழகமும் அதற்குப் பின்னரே இசைந்தது. உயில் விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப நோபல் நிறுவனம் அமைக்கப்பட்டது. அதன் விதிகளை 1900 ஜூன் 29 அன்று பிறப்பித்தவர் அதே ஆஸ்கர் மன்னர்! 1901 டிசம்பர் 10-இல் முதற் பரிசுகள் வழங்கப்பெற்றன. ஐந்தாண்டுத் தாமதம் பெரிதன்று. நம் சென்னையில், 1794-இல் காலமான பச்சையப்ப முதலியார் உயில்வழி விட்டுச்சென்ற பொருள் நெடுங்காலம் வழக்கிற் கிடந்து, 1842-இலேதான் பள்ளிக்கூடமாக உருப்பெற்றது.

இனி, தொடங்கிய இடத்துக்கு வருவோம். எந்நாட்டவர் என்று பாராமல் அளிக்கவேண்டும் என்ற அச்சிறு வாசகம் நின்றதனால் அன்றோ இராமன் அம்மேடையேறினார்? அவர் பரிசு பெற்ற 1930-இல் நோபல் நிறுவனத்தின் நிருவாகத்தை ஏற்றிருந்தவர், பத்திரப் பெட்டிகளின் அருகே துப்பாக்கியுடன் அமர்ந்திருந்த அதே ராக்னர் சோல்மன். அப்பொழுது அவருக்கு வயது 60.