பிரிந்த காதலும் படித்தோர் தீர்ப்பும்

ஒரு நூலின் வரலாறு அஃது எழுதி முடிக்கப்பெற்ற நாளோடு நின்றுவிடுவதன்று. அதனைப் படித்தோர் எதனைப் போற்றினர், எதனை ஏற்க மறுத்தனர் என்பனவும் அவ்வரலாற்றின் பகுதியேயாம். நம் உரையாசிரியர்களின் உரைகளை நாம் பொருள் விளக்கமாக மட்டும் கொள்வதில்லை. ஒரு காலத்தார் ஒரு நூலைப் படித்த முறைக்குச் சான்றாகவும் கொள்கின்றோம். புதினத்திற்கு அத்தகைய உரைமரபு இல்லை. மதிப்புரைகளும், கடிதங்களும், நூலின் ஓரத்தில் எழுதிய குறிப்புகளுமே அதன் இடத்தை நிரப்புகின்றன. இச்சான்றுகளை எடையிடும் முறைக்கு, ஜேன் ஆஸ்டின் இயற்றிய ‘பெர்சுவேஷன்’ என்னும் ஆங்கிலப் புதினம் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். ஒருவரைப் பேசி இணங்குவித்தல் என்பது அப்பெயரின் பொருள்.

1. நூலும் வெளியீடும்

ஆஸ்டின் இதனை 1815 ஆகஸ்டில் தொடங்கி 1816 ஆகஸ்டில் முடித்தார். 1817 ஜூலை 18-ஆம் நாள் தம் நாற்பத்தோராம் அகவையில் மறைந்தார். அவ்வாண்டின் இறுதியில், 1818 என்னும் ஆண்டுக் குறிப்புடன், ‘நார்த்தாங்கர் அபே’ என்னும் புதினத்தோடு சேர்ந்து நான்கு தொகுதிகளாக இது வெளிவந்தது. உடன்பிறந்தாராகிய ஹென்றி எழுதிய முன்னுரையே ஆசிரியரின் பெயரை முதன்முதல் நூலில் வெளிப்படுத்தியது. தம் முந்தைய புதினங்களாகிய ‘மான்ஸ்பீல்டு பார்க்’, ‘எம்மா’ ஆகிய இரண்டையும் பற்றி உற்றாரும் நண்பரும் கூறியவற்றை ஆஸ்டின் தம் கையாலேயே தொகுத்து வைத்தவர். இந்நூலுக்கு அத்தகைய தொகுப்பைச் செய்ய அவர் இருந்திலர். ஆதலின், அப்பணி வரலாற்றாசிரியர்க்கு உரியதாயிற்று.

கதை எளியது. பத்தொன்பது அகவையில் ஆன் எலியட் என்பாள் வென்ட்வொர்த் என்னும் கடற்படை வீரனுக்கு மணவுறுதி தருகின்றாள். அவனிடம் பொருளில்லை எனக் கூறித் தாயனைய ரஸ்ஸல் சீமாட்டி அவளை இணங்குவிக்க, அவள் அவ்வுறுதியை முறித்துக் கொள்கின்றாள். எட்டாண்டு கழிந்து அவன் செல்வனாய்த் திரும்பி வருகின்றான். இழந்த காதல் மீள்வதே எஞ்சிய கதையாகும். பொருள் துயரமுடையதாயினும் நடை நகைச்சுவை மிக்கது. தந்தையாகிய சர் வால்டர் தம் குடிப்பெயர் அச்சிடப்பட்ட நூலையன்றி வேறெதனையும் பொழுதுபோக்காக எடுக்காதவர். அவர் மாளிகைக்குக் குடிவந்த கடற்படைத் தலைவர் செய்த சில மாற்றங்களுள் ஒன்று, அவர்தம் அறையிலிருந்த பெருங்கண்ணாடிகள் சிலவற்றை அகற்றியதேயாம்.

2. இருவேறு குற்றச்சாட்டுகள்

இந்நூல் எழுதப்பட்டுவந்த காலத்தில், 1816 மார்ச்சில், வால்டர் ஸ்காட் ‘எம்மா’ பற்றிப் பெயரிடாது எழுதிய மதிப்புரை ‘குவார்ட்டர்லி ரெவ்யூ’ இதழில் வெளிவந்தது. அதன் முடிவில் அவர் காதலின் சார்பாக ஒரு சொல் கூறினார். இக்காலப் புதின ஆசிரியர் காதலை வரவு செலவு பார்க்கும் முன்மதியோடு பிணைத்துவிடுகின்றனர் என்பதும், இளமையிற் கொண்ட தூய காதல் நிறைவேறாது போயினும் ஒருவன் பண்பை உயர்த்தும் என்பதும் அவர் கருத்து. ஸ்காட்டின் இளமைக் காதலுக்குரியவரான வில்லியமினா பெல்ஷஸ் 1797-இல் பிறரை மணந்தவர் என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். இவ்விதழை ஆஸ்டின் படித்தார் என்பதற்கு, 1816 ஏப்ரல் முதல் நாளில் பதிப்பாளர் மரேக்கு அவர் எழுதிய கடிதம் சான்று.

ஈராண்டு கழித்து இதற்கு நேர்மாறான குற்றச்சாட்டு எழுந்தது. 1818 மார்ச்சில் ‘பிரிட்டிஷ் கிரிட்டிக்’ இதழின் மதிப்புரையாளர் ‘நார்த்தாங்கர் அபே’யை விரிவாகப் பேசிவிட்டு, ‘பெர்சுவேஷ’னைச் சிறப்புக் குறைந்ததெனச் சுருக்கமாக ஒதுக்கினார். இளைஞர் தம் விருப்பப்படியே மணந்துகொள்ள வேண்டும், மூத்தோர் சொற்கேட்டுப் பொருள் வரும்வரை காத்திருந்தால் துன்பமே விளையும் என்பதே நூல் தரும் நீதி போலும் என அவர் குறைகூறினார்.

ஓராசிரியரே முன்மதிக்கு மிகுதியாக இடங்கொடுத்தார் எனவும், அதனை இகழ்ந்தார் எனவும் பழிக்கப்பட்டமை இதனாற் புலனாகும். ஆயின் நூலையே நோக்குவார்க்கு இரண்டாம் பழி பொருந்தாமை தெளிவு. அறிவுரை தவறாயிருக்கலாம் எனவும், தான் அத்தகைய அறிவுரையை ஒருவர்க்குக் கூறாள் எனவும் இறுதியில் ஆன் ஒப்புகின்றாள். எனினும் தாயனையாள் சொல்லுக்கு அன்று பணிந்தது தவறன்று என்றே அவள் துணிகின்றாள். இந்நுண்ணிய வேறுபாடு மதிப்புரையாளர் கண்ணிற் படவில்லை. புதினத்தில் நீதியைத் தேடுவது அன்றைய மதிப்புரையாளர் தம் கடமையாகக் கொண்டிருந்த பணி. காதலர் மீண்டும் கூடினர் என்றதுமே அவர் தீர்ப்பு எழுதிவிட்டார் எனலாம்.

3. தனிப்பட்ட சான்றுகள்

அச்சேறாத சான்றுகள் வேறொரு காட்சியைத் தருகின்றன. புதின ஆசிரியரான மரியா எட்ஜ்வொர்த் 1818 பிப்ரவரியில் உறவினர்க்கு எழுதிய கடிதத்தில், முதல் ஐம்பது பக்கங்களில் வரும் குடும்பச் செய்திகளைச் சிக்கலும் பயனின்மையும் உடையன என்றார். ஆனால் ஆனும் அவள் காதலனும் வருமிடமெல்லாம் இயல்பாக அமைந்தன எனப் போற்றினார். நோயுற்ற சிறுவனருகே ஆன் மண்டியிட்டிருக்க, அவள் முதுகிற் பற்றிய குறும்புக் குழந்தையை வென்ட்வொர்த் வாய்பேசாது விலக்கும் இடத்தை அவர் எடுத்துக்காட்டினார். அதனை நாம் காண்பதன்று, அவள் நிலையில் நின்று உணர்வதாகும் என்பது அவர் கருத்து. லூயிசா படியிலிருந்து குதித்து வீழும் இடம்வரையே தாம் படித்திருப்பதாகவும் அவர் குறித்தார். முடிவறியாத நிலையில் எழுதப்பட்டமையே இச்சான்றின் தனிச்சிறப்பு. முடிவு கருதி நீதி கூறியவர் காணாததை, இடைவழியில் நின்றவர் கண்டார்.

இதனினும் ஆழ்ந்த சான்று ஆசிரியரின் தமக்கை கசாண்ட்ராவினது. திருமணத்திற்குப் போதிய வருவாய் வேண்டிக் காத்திருந்த காலத்தில், அவர்க்கு உரியவராயிருந்த டாம் ஃபௌல் மேற்கிந்தியத் தீவுகட்குச் சென்று, 1797-இல் காய்ச்சலால் இறந்தார். கசாண்ட்ரா மணஞ்செய்யாமலே 1845 வரை வாழ்ந்தார். இளமையில் முன்மதிக்கு ஆட்படுத்தப்பட்ட ஆன், அகவை முதிரக் காதலைக் கற்றாள் எனவரும் இடத்தில், தம் நூற்படியின் ஓரத்தில், மறைந்த தங்கையை அன்புடன் விளித்து, இது பொன்னெழுத்துகளாற் பொறிக்கத்தக்கது என அவர் எழுதிவைத்தார். மதிப்புரையாளர் கேடு விளைக்கும் நீதி எனக் கருதிய கருத்தையே, முன்மதியோடு காத்திருந்து அனைத்தையும் இழந்த ஒருவர் பொன்னெனக் கொண்டார். இஃது இலக்கியத் திறனாய்வன்று. வாழ்க்கை கூறும் சான்றுரை.

4. பிற்காலத்தார்

1821 ஜனவரியில் ‘குவார்ட்டர்லி ரெவ்யூ’ இதழில் ரிச்சர்டு வேட்லி எழுதிய மதிப்புரை முதன்முதல் நடுநிலை கண்டது. நகைச்சுவை ஏனையவற்றினும் சற்றுக் குறைவெனினும் மென்மையும் உயர்வும் மிக்கதென்றும், இயல்பு வாழ்வைக் கூறும் கதைகளுள் மிக நேர்த்தியானவற்றுள் ஒன்றென்றும் அவர் மதித்தார். 1871-இல் நினைவுக்குறிப்பு நூலின் இரண்டாம் பதிப்பு, ஆசிரியர் கைவிட்ட பழைய முடிவின் ஓர் அதிகாரத்தை அச்சேற்றியது. ஆஸ்டினே தம் நூலை முதலிற் படித்து நிறைவுறாத வாசகர் என்பது அதனால் வெளிப்பட்டது. 1867-இல் லைம் நகர் சென்ற கவிஞர் டென்னிசன், 1685-இல் மன்மத் கோமகன் கரையிறங்கிய இடத்தினும் லூயிசா வீழ்ந்த இடத்தையே காண விழைந்தார் என்ப. வரலாற்று நிகழ்ச்சியினும் கற்பனை நிகழ்ச்சி மெய்ம்மை மிக்கதாய் நிலைபெற்றமைக்கு இது சான்றாகும்.

5. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் இரண்டு உண்மைகள் பெறப்படும். அச்சேறிய மதிப்புரை ஒரு காலத்தின் பொதுநெறியைக் காட்டுமேயன்றி, அக்காலத்தார் அனைவரும் படித்த முறையைக் காட்டாது. இது முதலாவது. எளிய நகையும் இனிய முடிவும் உடைய கதையென ஒதுக்கப்படும் நூலே, படித்தோர் தம் நெஞ்சில் மறைத்துவைத்த துயரை வெளியிட இடந்தருவதாகலாம் என்பது மற்றொன்று. தமிழ்ப் புதினங்களின் வரலாற்றை ஆராயப் புகுவோர், இதழ்களின் மதிப்புரைகளோடு பழைய நூற்படிகளின் ஓரங்களையும் குடும்பக் கடிதங்களையும் தேடித் தொகுத்தல் வேண்டும். அவை செல்லரித்து அழிவதற்குமுன் அப்பணி தொடங்கப்பெறுதல் நன்று.