டோக்கியோ லீவர், பீன்யா பெட்டி

அந்தப் பெட்டி பெங்களூருக்கு வந்தது 2010-ல், ஒரு சூட்கேஸுக்குள், இரண்டு ஜீன்ஸுக்கும் ஒரு ஸ்வெட்டருக்கும் நடுவில் படுத்தபடி. கலிபோர்னியாவில் ஆன்சைட் முடித்துத் திரும்பிய அலுவலக நண்பன் கொண்டுவந்தான். ஏறக்குறைய மூன்று கிலோ. அதற்கு இடம் பண்ண, அம்மாவுக்கு வாங்கிய தவாவை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான். தேவனஹள்ளி விமான நிலையத்தில் எக்ஸ்ரேயைப் பார்த்தவர் திறக்கச் சொல்லி, "மியூசிக்கா?" என்றாராம். "வீடியோ கேம் சார்" என்றதும் அவருக்கு ஆர்வம் போய்விட்டது.

மேட் கேட்ஸ் கம்பெனியின் டோர்னமென்ட் எடிஷன் ஃபைட்ஸ்டிக். 2009 பிப்ரவரியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 வீட்டுக் கன்சோல்களுக்கு வந்தபோது கூடவே வந்தது. அமெரிக்காவில் 150 டாலர். பெட்டிதான் அமெரிக்கக் கம்பெனியுடையது, உயிர் ஜப்பானுடையது. லீவரும் எட்டு பட்டன்களும் டோக்கியோவின் சன்வா டென்ஷி செய்தவை. ஜப்பானிய கேம் கூடங்களில் இருந்த அதே பாகங்கள். அதற்கு முன் வீட்டுக்கென்று விற்ற ஸ்டிக்குகளில் பல ஒப்புக்குச் சப்பாணிதான்.

அடுத்த வருடமே நண்பனுக்குக் கல்யாணம். "மச்சி, டீப்பாய் மேல அது இருக்கக் கூடாதாம். நீ எடுத்துக்கோ" என்றான். ஆறாயிரம் ரூபாய் கொடுத்து எடுத்துக்கொண்டேன்.

ஏன் எடுத்தேன் என்று கேட்டால் அல்சூரில் ஒரு பாதி மூடிய ஷட்டருக்குப் போக வேண்டும். தொண்ணூறுகளில் உள்ளே நான்கு மெஷின்கள். ஒரு ரூபாய்க்கு ஒரு டோக்கன். கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ் என்ற 1993-ஆம் வருட ஆட்டத்தை அந்தப் பெயரில் யாரும் கூப்பிட்டதில்லை. அதில் மஞ்சள் தொப்பி போட்டு உதைப்பவனின் பெயரால் அது 'முஸ்தபா'. பக்கத்து மெஷின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2. லீவரை அடியில் தொடங்கி முன்பக்கமாகக் கால்வட்டம் சுழற்றி ஒரு குத்து விட்டால் நெருப்புப் பந்து. வாயால் 'ஆடூகென்' என்று கத்தினால்தான் அது வரும் என்று உறுதியாக நம்பினோம். லீவர் கழன்றால் கடைக்காரர் சைக்கிள் ட்யூபைச் சுற்றிக் கட்டுவார். அந்த ட்யூபின் பிடிதான் என் கையில் முதலில் ஏறியது.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 மெஷினின் ஆறு பட்டனுக்கே ஒரு கதை உண்டு. 1987-ல் வந்த முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரில் குத்துக்கு ஒன்று, உதைக்கு ஒன்று என இரண்டு பெரிய ரப்பர் திண்டுகள் வைத்த மெஷினும் இருந்தது. எவ்வளவு பலமாக அடிக்கிறோமோ அவ்வளவு பலமாகத் திரையில் அடி விழும். மெஷினும் கையும் சேர்ந்து நோக, பிறகு மெதுவான, நடுத்தர, பலத்த அடிகளுக்குத் தனித்தனி பட்டன் என்று ஆனது. 1991-ல் வந்த இரண்டாம் பாகம் அந்த ஆறையும் உலகத்துக்கே பழக்கிவிட்டது. இன்றும் சண்டை ஆட்டத்துக்கு எதை வாங்கலாம் என்று யோசிப்பவர் முதலில் எண்ணிப் பார்ப்பது அந்த ஆறைத்தான்.

டோக்கியோ லீவர் என் கைக்கு உடனே அடங்கவில்லை. அடியில் அதற்கு ஒரு சதுரச் சட்டம். லீவர் நான்கு மூலைக்கும் போய் இடிக்கும்; மூலைதான் சாய்வுத் திசை. ட்யூப் சுற்றிய லீவரோ வட்டத்தில் வழுக்கியது. நெருப்புப் பந்து கேட்டால் எகிறிக் குத்து வந்தது, எகிறிக் குத்து கேட்டால் ஒன்றும் வரவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் கூடம் உண்மையிலேயே கோணலாக இருக்கவும் கூடுமே! எண்கோணச் சட்டம் தனியாகக் கிடைக்கும், மாற்றிக்கொள்ளலாம். நான் மாற்றவில்லை. பிடியை மாற்றினேன். மேலிருந்து பற்றுவதை விட்டு, உள்ளங்கை மேலே பார்க்க, மோதிர விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கம்பியை விட்டு, உருண்டையைப் பை-டூ காபி டம்ளர் மாதிரி ஏந்தினேன். மூலைகள் வழிக்கு வந்தன.

ஒருநாள் கிரீஸ் போடலாமென்று பிரித்தேன். கம்பியின் அடிநுனியைப் பிடித்து வைத்திருப்பது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு இ-கிளிப். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். டிங் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கட்டிலை நகர்த்தி, பாயை உதறி, காந்தம் கட்டிய குச்சியால் தரை முழுக்கத் துழாவியும் அகப்படவில்லை. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் பத்து கிளிப் உள்ள ஒரு பாக்கெட் வாங்கிவந்தேன். மீதி ஒன்பதையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன்.

மேட் கேட்ஸ் 2017 மார்ச்சில் திவாலானது. அதன் பிறகும் நான்கு வருடம் பெட்டி ஆடிக்கொண்டுதான் இருந்தது. 2021 மழையில் மொட்டைமாடி ஒழுகி அலமாரிக்குள் தண்ணீர் இறங்க, உள்ளே இருந்த சர்க்யூட் போர்டு போய்விட்டது. லீவருக்கும் பட்டன்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அப்போதுதான் அக்கா மகன் கல்லூரியில் சேர இங்கே வந்தான். "மாமா, சண்டை ஆட்டத்துக்கு எது நல்லது? பேடா, ஸ்டிக்கா, லீவரே இல்லாத பெட்டியா?" என்று கேட்டான். 2014-ல் லாஸ் வேகஸில் ஈவோ போட்டியின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் பட்டத்தை பிரான்ஸின் லூஃபி ஜெயித்தது முதல் பிளேஸ்டேஷனின் பழைய பேடை வைத்துக்கொண்டு என்று சொன்னேன். கட்டைவிரல் பழகியிருந்தால் பேடே போதும், காசும் மிச்சம். அடியைத் தடுக்கக் கற்குமுன் பெட்டி வாங்குகிறவனை எனக்குப் பிடிக்காது என்றும் சேர்த்துக்கொண்டேன். பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்குக் கீபோர்டு பழக்கம் மாமா. லீவர் இல்லாததுதான்" என்றான். சிறுவயதில் கம்ப்யூட்டரில் ஆடி வளர்ந்த கை. அதற்கும் ஒரு சைக்கிள் ட்யூப் இருந்திருக்கிறது.

லீவரற்ற பெட்டியில் இடம், கீழ், வலம் மூன்றும் மூன்று விரலுக்கு. குதிப்பதற்கான பட்டன் கட்டைவிரலுக்கு. கால்வட்டம் என்பது இரண்டு விரலின் தட்டலாகச் சுருங்கிவிடுகிறது. ஆட்டம் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடுகிறது. ஒரு ஃபிரேம் என்பது நொடியில் அறுபதில் ஒரு பங்கு. அதற்குள் லீவர் கடக்க வேண்டிய தூரம் விரலுக்கு இல்லை. வில்லங்கமும் அங்கேதான். லீவரால் ஒரே நேரத்தில் இடமும் வலமும் போக முடியாது, விரல்களால் முடியும். அப்போது எது செல்லும்? 2019-ல் ஜப்பானிய ஆட்டக்காரர் டைகோ உமெஹாரா கொண்டுவந்த லீவரற்ற காஃப்ரோ பெட்டி இந்த வழக்கில்தான் ஸ்ட்ரீட் ஃபைட்டரைச் செய்யும் கேப்காமின் போட்டிகளில் தடைபட்டது. 2023-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-க்கு விதி தெளிவானது: எதிரெதிர்த் திசைகள் சேர்ந்து அழுந்தினால் ஒன்று மற்றதை மீறக் கூடாது.

கடையில் வாங்கித் தந்துவிடலாமே என்று அக்கா கேட்டாள். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது வீடியோ கேம் கன்சோல்களைப் போட்ட இடம் 28 சதவீதப் பிரிவு; வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரி தனி. பையன் கணக்குப் போட்டுவிட்டு எஸ்.பி. ரோட்டுக்குக் கிளம்பினான், நானும் துணைக்குப் போனேன். முதல் கடையில் கன்னடத்தில் "ஏன் பேக்கு?" என்றார்கள், அதாவது என்ன வேண்டும் என்று. போனில் பட்டன் படத்தைக் காட்டினோம். "லிஃப்டுக்கா?" மூன்றாவது கடையில் உள்ளறையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வந்தது: ஆர்கேட் பட்டன். என் பழைய பெட்டியின் எட்டோடு இங்கே நான்கு. மூளைக்கு ராஸ்ப்பெரி பை பிக்கோ. 2021 ஜனவரியில் நான்கு டாலர் விலையில் வெளிவந்த அந்தச் சின்னப் போர்டில் ஜிபி2040-சிஇ என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் அது கண்ட்ரோலர் ஆகிவிடும். பெரிய பெட்டியின் வேலையைப் பீடிக்கட்டு அளவுள்ள ஒன்று செய்தது.

முதலில் 12 மி.மீ. பிளைவுட்டில் துளையிட்டான். பட்டனின் பக்கவாட்டுக் கொக்கி அவ்வளவு கனத்தில் பிடிக்கவில்லை. அழுத்தினால் பட்டன் கீழே விழுந்தது. பிறகு பீன்யா தொழிற்பேட்டையில் லேசர் கட்டிங் செய்யும் ஒரு ஷெட். அங்கே திருவண்ணாமலைப் பக்கத்து ஆள் ஒருவர், "எத்தனை எம்.எம். தம்பி? அக்ரிலிக்னா மூணே போதும்" என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். முப்பது மி.மீ. துளைகள் பன்னிரண்டு. கருகிய பிளாஸ்டிக் வாசனையோடு தகடு வெளியே வந்தது. பட்டனை வைத்து அழுத்தினால் 'டக்', உட்கார்ந்துவிட்டது.

எஸ்.பி. ரோட்டுப் பட்டன்கள் சற்றுக் கடினம், சத்தமும் கூட. திசைப் பட்டன்களில் குதிப்பதற்கு மட்டும் டோக்கியோவினுடையதை வைத்தான்.

லீவர் அநாதையாக என் மேசையின் பென்சில் டப்பாவில் இரண்டு வருடம் நின்றது. போன் பேசும்போது அதை ஆட்டிக்கொண்டிருப்பேன். போன மாதம் பையனோடு அவன் வகுப்புத் தோழன் ஒருவன் வந்தான். கோலார் தங்கவயல் பையன், டெக்கன் என்ற சண்டை ஆட்டம் ஆடுகிறவன். தினமும் காலையில் ரயிலில் வந்து இரவு திரும்புகிறான். 2001-ல் சுரங்கம் மூடிய பிறகு அந்த ஊரில் ஆயிரக்கணக்கானோருக்கு அதுதான் வாழ்க்கை. பேசிக்கொண்டே லீவரை இரண்டு தடவை இடித்துப் பார்த்தான். நான்கு மைக்ரோசுவிட்சும் டிக் டிக் என்றன.

"இத நான் எடுத்துக்கலாமா அங்கிள்?"

"பெட்டிக்கு என்ன பண்ணுவே?"

"தாத்தா டூல்ஸ் எல்லாம் வீட்ல இருக்கு. மைன்ஸ்ல கார்பென்டரா இருந்தாரு."

கிளிப் டப்பாவைத் திறந்து இரண்டு இ-கிளிப்பும் கொடுத்தேன். ஒன்று எப்படியும் பறந்துவிடும் என்றேன். லீவரை டிபன் பாக்ஸ் பைக்குள் செருகிக்கொண்டு, மாரிக்குப்பம் வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினான்.