மாவட்டக் கனிம அறக்கட்டளை

மாவட்டக் கனிம அறக்கட்டளை என்பது சுரங்கத் தொழிலால் பாதிக்கப்பட்ட மக்களின் நலனுக்கும் அப்பகுதிகளின் மேம்பாட்டுக்கும் கனிம வருவாயோடு சேர்த்துப் பெறப்படும் ஒரு தொகையைச் செலவிடும் பொருட்டு, இந்தியாவில் மாவட்ட அளவில் நிறுவப்படும் இலாப நோக்கற்ற அமைப்பாகும். 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தத்தின்வழி சேர்க்கப்பட்ட 9பி பிரிவு இதற்கு அடிப்படையாகும். தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2017இல் வெளியிடப்பட்டன.

சுரங்கம் என்றவுடன் நிலக்கரியும் இரும்பும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் மக்கள் அன்றாடம் காண்பது கல்குவாரியும், கிரஷரும், ஜல்லி ஏற்றிய லாரியுமே. ஆகவே இக்கட்டுரையில் சென்னைக்கு மேற்கேயுள்ள செம்பரம்பாக்கம் வட்டாரமும் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது.

பின்னணி

கனிமம் எடுக்கப்படும் ஊருக்கு அதன் வருவாயில் பங்கு உண்டா என்ற கேள்வி தமிழ்நாட்டில் புதியதன்று. 1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டம், செலுத்தத்தக்க நிலவரியில் ரூபாய்க்கு 45 காசு வீதம் உள்ளூர் மேல்வரி (செஸ்) விதிக்க இடமளித்தது. 1964இல் வந்த திருத்தம், கனிமத்துக்காக அரசுக்குச் செலுத்தப்படும் உரிமத்தொகையையும் (ராயல்டி) நிலவரி என்ற சொல்லுக்குள் அடக்கியது. இதனால் சுண்ணாம்புக்கல் வெட்டும் சிமெண்ட் ஆலைகளும் ஊராட்சிப் பகுதிகளின் வளர்ச்சிக்கெனப் பணம் செலுத்த வேண்டியதாயிற்று.

இதனை எதிர்த்து நடந்த இந்தியா சிமெண்ட்ஸ் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், 1989 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு இந்த மேல்வரி செல்லாது எனத் தீர்ப்பளித்தது. உரிமத்தொகையும் ஒரு வரியே, அதன்மேல் வரி விதிக்க மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்பது தீர்ப்பின் சாரம். பின்னர் 2004இல் மேற்கு வங்காளத்தின் கேசோராம் வழக்கை ஆராய்ந்த ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வின் பெரும்பான்மையினர், முந்தைய தீர்ப்பில் அவ்வாறு எழுதப்பட்டது ஓர் எழுத்துப் பிழையே, 'உரிமத்தொகையின் மீதான மேல்வரி ஒரு வரி' என்றுதான் இருந்திருக்க வேண்டும் என்றனர். ஒரு சொற்றொடரைச் சுற்றி இத்தனை ஆண்டுகள் வழக்கு நடந்தமை சட்ட மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்றாகும்.

இதற்கிடையே வேறு முயற்சிகளும் நிகழ்ந்தன. ஆந்திரப் பிரதேசத்தின் பழங்குடிப் பகுதிச் சுரங்கங்கள் தொடர்பான சமதா வழக்கில் (1997), நிகர இலாபத்தில் குறைந்தது 20 விழுக்காட்டை அப்பகுதி மக்களின் மேம்பாட்டுக்கு ஒதுக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் கூறியது. 2011இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சட்ட முன்வரைவு, நிலக்கரி நிறுவனங்கள் தம் இலாபத்தில் 26 விழுக்காட்டைப் பகிர வேண்டும் என்றது. 2014இல் மக்களவை கலைந்தபோது அதுவும் காலாவதியானது. இலாபத்தில் பங்கு என்ற எண்ணம் கைவிடப்பட்டு, உரிமத்தொகையோடு ஒரு கூடுதல் தொகை என்ற எளிய முறையே 2015இல் சட்டமானது.

நிதி சேரும் முறை

குத்தகைதாரர் அரசுக்குச் செலுத்தும் உரிமத்தொகைக்கு மேல் இத்தொகையைத் தனியாகச் செலுத்த வேண்டும். இது உரிமத்தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 2015 சனவரி 12ஆம் நாளுக்கு முன் வழங்கப்பட்ட குத்தகைகளுக்கு உரிமத்தொகையில் 30 விழுக்காடும், அதன்பின் ஏலத்தில் வழங்கப்பட்டவற்றுக்கு 10 விழுக்காடும் எனப் பின்னர் வீதம் அறிவிக்கப்பட்டது. ஏலம் எடுத்தவர் ஏலத்தொகையையும் கட்டுவதால் அவருக்கு வீதம் குறைவு. எடுத்துக்காட்டாக, சிமெண்ட் தயாரிக்க உதவும் சுண்ணாம்புக்கல்லுக்கு 2014இல் டன்னுக்கு 80 ரூபாய் உரிமத்தொகை விதிக்கப்பட்டது. அக்கணக்கில் பழைய குத்தகைதாரர் டன்னுக்கு 24 ரூபாயும் புதியவர் 8 ரூபாயும் அறக்கட்டளைக்குச் செலுத்த வேண்டும்.

கருங்கல், கிராவல், சவுடு மண் போன்ற சிறுகனிமங்களுக்கு விதி வகுக்கும் அதிகாரம் 15ஏ பிரிவின்படி மாநில அரசுக்கு உரியது.

திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்தே பணம் கட்ட வேண்டுமா என்ற வழக்கில், 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சுரங்க உரிமையாளர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. வீதம் அறிவிக்கப்பட்ட நாள், அந்தந்த மாவட்டத்தில் அறக்கட்டளை நிறுவப்பட்ட நாள் ஆகிய இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்தே பொறுப்புத் தொடங்கும் என்பது அதன் முடிவு. அறக்கட்டளை அமைக்கத் தாமதித்த மாநிலங்களில் அந்த இடைக்காலத்துத் தொகை மக்களுக்குக் கிடைக்காமலே போயிற்று.

இது நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவிலிருந்து வேறுபட்டதாகும். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படியான அச்செலவை எதில் செய்வது என்பதை நிறுவனமே முடிவு செய்கிறது. அறக்கட்டளைப் பணத்தில் நிறுவனத்துக்கு அவ்வுரிமை இல்லை.

செலவிடும் முறை

2015 செப்டம்பரில் நடுவண் அரசு அறிவித்த பிரதம மந்திரி கனிமப் பகுதி நலத் திட்டத்தின் நெறிமுறைகளே செலவுக்கு வழிகாட்டுகின்றன. குடிநீர், சுற்றுச்சூழல் பாதுகாப்பு, மருத்துவம், கல்வி, பெண்கள், குழந்தைகள், முதியோர் நலன், தொழிற்பயிற்சி, துப்புரவு ஆகியவற்றுக்குக் குறைந்தது 60 விழுக்காடு செலவிட வேண்டும் என அவை கூறின. சாலை, பாசனம், மின்சாரம் முதலியன மீதப் பங்கில் அடங்கும். 2024 சனவரியில் திருத்தப்பட்ட நெறிமுறைகள் முன்னுரிமைத் துறைகளின் பங்கை 70 விழுக்காடாக உயர்த்தின. நேரடியாகப் பாதிக்கப்பட்ட பகுதி என்பது சுரங்கத்திலிருந்து 15 கிலோமீட்டர் வரையிலும், மறைமுகமாகப் பாதிக்கப்பட்ட பகுதி 25 கிலோமீட்டர் வரையிலும் என வரையறுக்கப்பட்டது.

நாடு முழுவதும் திரண்ட தொகை 2025க்குள் ஒரு லட்சம் கோடி ரூபாயைக் கடந்தது. இதில் ஒடிசாவின் பங்கே மிகப் பெரியது. பணம் திரளும் வேகத்துக்குச் செலவு ஈடுகொடுப்பதில்லை என்பது தொடக்கத்திலிருந்தே கூறப்படும் குறையாகும். சுரங்கத்துக்குத் தொலைவிலுள்ள மாவட்டத் தலைநகரில் கட்டடங்கள் எழுப்பப்பட்டதாகவும் பல மாநிலங்களில் புகார்கள் எழுந்தன. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றைச் சமாளிக்க இந்நிதியைப் பயன்படுத்த இசைவு அளிக்கப்பட்டது. மாநிலக் கருவூலத்துக்கோ முதலமைச்சர் நிதிக்கோ இப்பணத்தை மாற்றக் கூடாது என 2021 சூலையில் நடுவண் அரசு ஆணையிட்டது. அவ்வாறு ஆணையிட நேர்ந்ததே நிலைமையை விளக்கும்.

தமிழ்நாட்டில்

மாவட்ட ஆட்சியரின் தலைமையில் அறக்கட்டளை இயங்குகிறது. புவியியல் மற்றும் சுரங்கத் துறையின் மாவட்ட அலுவலகம் பணத்தை வசூலிப்பதில் முதன்மைப் பங்கு வகிக்கிறது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி கிடைக்கும் கடலூர், சுண்ணாம்புக்கல் கிடைக்கும் அரியலூர் போன்ற மாவட்டங்களில் பெருங்கனிமங்கள் வருவாய் தருகின்றன. மற்ற மாவட்டங்கள் பலவற்றில் கருங்கல்லே முதன்மை.

நெய்வேலியில் நிலக்கரி நிறுவனம் 1956இல் தொடங்கப்பட்டது. அதற்காக நிலம் கொடுத்த குடும்பங்களின் வேலை, இழப்பீடு குறித்த கோரிக்கைகள் அறக்கட்டளையைக் காட்டிலும் பல பத்தாண்டுகள் பழையன. 2023 சூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிருக்கு நடுவே வாய்க்கால் வெட்டப்பட்டபோது எழுந்த போராட்டம், ஊருக்குச் செய்யப்படும் பொதுப் பணிகள் நிலம் இழந்தவரின் கோரிக்கைக்கு மாற்றாக அமையா என்பதைக் காட்டியது.

சிறுகனிமங்களுக்கான சீனியரேஜ் கட்டணம் உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கப்படும் வருவாய்களுள் ஒன்றாகவும் உள்ளது. ஆகவே குவாரி உள்ள ஊராட்சிக்குப் பணம் வரும் வழி அறக்கட்டளை மட்டுமன்று. மாணவர்கள் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

செம்பரம்பாக்கம் வட்டாரம்

செம்பரம்பாக்கம் ஏரி சென்னையின் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்று. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் உடையது. ஏரியின் கிழக்கே குன்றத்தூர், மாங்காடு, பம்மல், பல்லாவரம் வரை பரவிய பாறைகள் நெடுங்காலம் சென்னையின் கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் கல் கொடுத்தவை. பல்லாவரத்துப் பாறைக்குப் புவியியலில் தனி இடமுண்டு. கல்கத்தாவை நிறுவியவராகக் கருதப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இவ்வகைப் பாறையால் ஆனது என்பதால், ஹாலண்ட் என்ற புவியியலாளர் இதற்குச் சார்னோக்கைட்டு எனப் பெயரிட்டார்.

மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்தில் இவ்வாறு வெட்டி முடித்துக் கைவிடப்பட்ட குவாரிப் பள்ளங்கள் இருபதுக்கும் மேல் உள்ளன. அவற்றில் மழைநீர் தேங்கிக் குளங்களாயின. 2017இல் ஏரிகள் வறண்டபோது சென்னைக் குடிநீர் வாரியம் அப்பள்ளங்களின் நீரைச் சோதித்து, குழாய் வழியே செம்பரம்பாக்கத்திலுள்ள நாளொன்றுக்கு 530 மில்லியன் லிட்டர் திறன்கொண்ட சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுவந்து நகருக்கு வழங்கியது. 2019ஆம் ஆண்டின் கடும் வறட்சியிலும் இவ்வாறே செய்யப்பட்டது. கல்லும் நகருக்குப் போயிற்று, கல் இருந்த இடத்தில் தேங்கிய நீரும் நகருக்கே போயிற்று.

அறக்கட்டளை முறையின் முக்கியமான இடைவெளி இங்கேதான் தெளிவாகிறது. நிதி சேர்வது உரிமத்தொகை செலுத்தும் குவாரியிலிருந்து மட்டுமே. 2015க்கு முன்பே வெட்டி முடிக்கப்பட்ட பள்ளம் எதையும் செலுத்தியதில்லை. செங்குத்தான கரைகளும் அளவறிய முடியாத ஆழமும் உள்ள இத்தகைய பள்ளங்களுக்கு வேலியிடுவதும், குளிக்க இறங்குவோரைக் காப்பதும் அந்த ஊரின் பொறுப்பாகவே எஞ்சுகின்றன. மாவட்ட நிதி முழுவதும் ஒரே தொகுப்பாக இருப்பதால் வேறு குவாரிகளின் பணத்தை இங்கே செலவிட முடியாதா எனில், பாதிக்கப்பட்ட பகுதிகளின் பட்டியலில் அந்த ஊர் இடம்பெறுகிறதா என்பதைப் பொறுத்ததே அது.

மாவட்ட எல்லையும் ஒரு சிக்கலாகும். செம்பரம்பாக்கம் ஊர் திருவள்ளூர் மாவட்டத்தின் பூந்தமல்லிப் பகுதியைச் சேர்ந்தது. ஏரியும் சிக்கராயபுரமும் காஞ்சிபுரம் மாவட்டத்தின் குன்றத்தூர்ப் பகுதியில் உள்ளன. நகரை ஒட்டிய பாறைகள் தீர்ந்த பின்னர் சென்னைக்கான ஜல்லியும் எம்-சாண்டும் வாலாஜாபாத், உத்திரமேரூர் போன்ற தொலைவான பகுதிகளிலிருந்து வருகின்றன. தூசும் வெடிச் சத்தமும் அங்கே, லாரிப் போக்குவரத்து வழியெங்கும். மாவட்ட எல்லையைத் தாண்டும் திட்டங்களுக்கு மாநில அரசின் முன் இசைவு தேவை என்பது 2015ஆம் ஆண்டு நெறிமுறையாகும்.

ஏரியைத் தூர்வாரும்போது எடுக்கப்படும் சவுடும் வண்டலும்கூடச் சட்டப்படி சிறுகனிமங்களே. உழவர்களும் குயவர்களும் தம் தேவைக்கு வண்டல், களிமண் முதலியவற்றைக் கட்டணமின்றி எடுக்கத் தமிழ்நாட்டின் சிறுகனிம விதிகள் இடமளிக்கின்றன. 2024 முதல் இதற்கான இசைவை வட்டாட்சியர் நிலையிலேயே பெறலாம்.

நிரந்தர நிதி

கனிமம் தீரும், தேவை தீராது என்பதால், வருவாயில் ஒரு பகுதியை முதலாகச் சேமித்து அதன் வரவை மட்டும் செலவிட வேண்டும் என்ற கருத்து உள்ளது. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலம் எண்ணெய் வருவாயிலிருந்து 1976இல் அத்தகைய நிதியைத் தொடங்கியது. இந்தியாவில் கோவாவின் இரும்புத்தாது விற்பனையில் 10 விழுக்காட்டை நிரந்தர நிதியாக வைக்க 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2024ஆம் ஆண்டின் நெறிமுறைகளும் வரவு மிகுந்த மாவட்டங்கள் ஒரு பகுதியை வைப்பு நிதியாக ஒதுக்க வழிசெய்கின்றன. மாறாக, சுரங்க நிறுவனங்களின் வருமான வரியில் பாதியைக் கனிமப் பகுதிகளுக்கே பிரித்துத் தரும் பெரு நாட்டில், உலோக விலை ஏறும்போது உள்ளாட்சிகளில் பணம் குவிவதும் விலை சரியும்போது வற்றுவதும் வழக்கம்.

கனிம நில வரி

2024 சூலை 25ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், உரிமத்தொகை வரியன்று எனவும் கனிமம் உள்ள நிலத்தின்மீது மாநிலங்கள் வரி விதிக்கலாம் எனவும் தீர்ப்பளித்தது. 1989ஆம் ஆண்டின் இந்தியா சிமெண்ட்ஸ் தீர்ப்பு இதனால் செல்லாததாயிற்று. இதனைத் தொடர்ந்து தமிழ்நாடு சட்டமன்றம் 2024 திசம்பரில் கனிம வளம் கொண்ட நிலங்கள் மீதான வரிச் சட்டத்தை இயற்றியது. அது 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததால், கட்டுமானப் பணிகள் பாதிக்கப்பட்டன. 1958ஆம் ஆண்டின் மேல்வரி ஊராட்சிப் பகுதிகளுக்கென விதிக்கப்பட்டது. புதிய வரி மாநில அரசின் வருவாயாகும்.