'கடலூர்' கப்பலும் குளிர்ந்த சால்மனும்

ஓட்டலில் குளிர்ந்த உணவுகள் செய்யும் 'கோல்ட் கிச்சன்' வேலைக்கு நான் மாறிய முதல் வாரமே முழு சால்மன் மீன் ஒன்றைக் கையில் கொடுத்தார் பெரிய செஃப். மீன் நீளத்துக்குச் செய்த பாத்திரம், உள்ளே கண் கண்ணாகத் துளை போட்ட தட்டு. வெங்காயம், கேரட், மிளகு, கொஞ்சம் வினிகர் போட்டுக் கொதித்து ஆறிய நீரில் மீனை இறக்கினோம். "கொதிக்க விட்றாதப்பா, தண்ணி லேசா நடுங்கினா போதும்" என்றார். அந்த நீரிலேயே ஆறவிட்டு, தோலை உரித்து, ராத்திரி முழுக்கக் குளிரில் வைத்தோம்.

நான் கடலூர் முதுநகர்க்காரன். கொதிக்கிற குழம்பில் கிடந்தால்தான் மீன் என்று வளர்ந்தவன். மறுநாள் பச்சை சாஸோடு ஒரு துண்டு வாயில் வைத்தபோது, மீனுக்கு இப்படியும் ஒரு ருசி உண்டா என்று நின்றுவிட்டேன்.

இந்த ருசி லண்டனுக்கே எளிதில் கிடைத்ததல்ல. 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து ஆறுகளில் பிடித்த சால்மனை அங்கேயே உப்புநீரில் வேகவைத்து, வினிகர் ஊற்றிச் சிறு மரப்பீப்பாய்களில் அடைத்துத்தான் கப்பலேற்றினார்கள். பீப்பாயைத் திறந்தால் புளிப்புதான் முந்திக்கொண்டு வரும்.

1780களில் இது மாறியது. சீனக் கடற்கரை மீனவர்கள் படகில் பனியை ஏற்றிச் சென்று மீனைக் கெடாமல் காக்கிறார்கள் என்று அலெக்சாண்டர் டால்ரிம்பிள் ஒரு பேச்சில் சொன்னார். கேட்டவர் ஜார்ஜ் டெம்ப்ஸ்டர் என்ற ஸ்காட்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர். அவர் சும்மா இருக்கவில்லை; பெர்த் நகர மீன் வியாபாரி ஜான் ரிச்சர்ட்சனுக்கு எழுதினார். பனிக்கட்டியில் பொதிந்த சால்மன் பச்சையாகவே லண்டன் போய்ச் சேர்ந்தது.

யார் இந்த டால்ரிம்பிள்? 1753இல் பதின்வயதுப் பையனாக நம் சென்னைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி எழுத்தர் வேலைக்கு வந்தவர். 1759இல் இங்கிருந்து கிழக்கே கடலோடினார். அவர் போன சிறு பாய்மரக் கப்பலின் பெயர் 'கடலூர்'. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பனி பற்றிய சேதியை அந்தப் பயணத்தில்தான் அறிந்தாரா என்பதற்கு என்னிடம் சான்றில்லை. ஆனால் என் ஊர்ப் பெயர் இந்தக் கதைக்குள் மிதக்கிறது.

சாஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1903இல் பிரெஞ்சு சமையல் வல்லுநர் எஸ்கோஃபியே தன் சமையல் நூலில் எழுதிய முறையைத்தான் நாங்களும் பின்பற்றினோம். பாலக், வாட்டர்கிரெஸ், பார்ஸ்லி, செர்வில், டாரகன் இலைகளைக் கொதிநீரில் வாட்டி, இடித்து, துணியில் முறுக்கிப் பிழிந்தால் அடர்பச்சைச் சாறு இறங்கும். அதை மயோனைஸில் கலக்க வேண்டும். இத்தனை மென்மையான வாசம் வினிகரில் ஊறிய மீனுக்கு எப்படி எடுபடும்? மீன் பச்சையாக வந்து சேர்ந்த ஊரில்தான் இதற்கு வேலை.

பனிக்காகவே ஸ்காட்லாந்து கரையெங்கும் கிடங்குகள் எழுந்தன. ஸ்பே ஆற்று முகத்துவாரத்தில், டக்நெட்டில், 1830இல் கட்டிய பனிக்கிடங்கு இன்றும் நிற்கிறது. கல் வளைவுகள், மேலே புல் மூடிய கூரை. 1968 வரை சால்மனுக்காக அதில் பனிக்கட்டி வைத்திருந்தார்கள்.