பெருச்சாளி பெற்ற பெரும்பெயர்

சொற்கள் மக்களோடு கூடிக் கடல் கடக்கும் இயல்பின. முத்தும் மிளகும் துணியும் ஏற்றிச்சென்ற மரக்கலங்களிலே கூலியின்றி ஏறிச்சென்ற பண்டம் சொல்லேயாகும். கட்டுமரமும் சுருட்டும் மிளகுதண்ணீரும் தமிழிலிருந்து ஆங்கிலத்துட் புகுந்து நிலைபெற்றமையை மொழிநூலார் பலகாலும் எடுத்துக்காட்டியுள்ளனர். தமிழுக்கு உடன்பிறந்த மொழியாகிய தெலுங்கிலிருந்து புறப்பட்ட எலிப்பெயர் ஒன்றின் வரலாறோ அத்துணை அறியப்பட்டதன்று. அப்பெயர் அவுஸ்திரேலியாவிலே வேறொரு விலங்கின்மேல் ஏறிற்று. பின்னர் அமெரிக்காவிலே வீடியோ விளையாட்டு ஒன்றின் தலைவனுக்குப் பெயராயிற்று. ஈற்றில் இலங்கை இளைஞரிடத்தே அந்நியச் சொல்லாக மீண்டு வந்தது. 1996ஆம் ஆண்டிலே தோன்றிய ‘கிராஷ் பாண்டிக்கூட்’ என்னும் விளையாட்டு வரிசையின் பெயரே அது.

இவ்வரலாற்றினுள்ளே மூன்று வினாக்கள் அடங்கிக் கிடக்கின்றன. ஒரு பெயர் யாருக்கு உரியது? ஒரு படைப்பு யாருக்கு உரியது? பெயரைக் கொடுத்த உயிரின் கதி யாது? இவற்றுக்கு விடை காண்பதற்குப் புத்தளத்துக் கரையிலிருந்தே தொடங்குதல் பொருத்தமுடைத்து.

புத்தளத்துக்கு வந்த யாத்திரிகர்

மொரோக்கோ நாட்டு யாத்திரிகராகிய இப்னு பதூதா 1344ஆம் ஆண்டிலே மாலைதீவிலிருந்து புறப்பட்டுப் புத்தளத்தை அடைந்தார். அங்கே இருந்த ஆரியச்சக்கரவர்த்தி அவரை வரவேற்று உபசரித்தான். தன்னிடமிருந்த முத்துக்களை அவருக்குக் காட்டினான். சிவனொளிபாதமலை யாத்திரைக்கு வேண்டிய பல்லக்கும் துணையாட்களும் உதவினான். கரையோரத்திலே கறுவா மரங்கள் குவிந்து கிடந்தமையையும் அவர் குறித்துச் சென்றுள்ளார். இலங்கை வரலாறு கற்போர் யாவரும் அறிந்த செய்தி இது.

அந்த யாத்திரை நூலிலேயே பிறிதோரிடத்தில், தௌலதாபாத்துக் கோட்டையின் நிலவறைச் சிறையிலே பூனையினும் பெரிய எலிகள் இருந்தன எனவும், பூனைகளே அவற்றுக்கு அஞ்சி ஓடின எனவும் அவர் எழுதியுள்ளார். 1886ஆம் ஆண்டில் யூல், பர்னெல் என்னும் இருவர் வெளியிட்ட ‘ஹொப்சன்-ஜொப்சன்’ என்ற ஆங்கில-இந்தியச் சொற்களஞ்சியம் ‘பாண்டிக்கூட்’ என்னும் சொல்லின்கீழ் இப்பகுதியை மேற்கோளாகக் காட்டுகின்றது. எனவே, புத்தளத்து முத்தைக் கண்டெழுதிய கரமே பெருச்சாளியைப் பற்றியும் எழுதிற்று என்னலாம்.

பன்றியும் எலியும்

பாண்டிக்கூட் என்பது தெலுங்கிலே ‘பந்திக்கொக்கு’ என வழங்கும் சொல்லின் திரிபு. ‘பந்தி’ என்பது தமிழிற் ‘பன்றி’ என்பதனோடு ஓரினமான சொல். ‘கொக்கு’ என்பது ஈண்டுப் பறவையன்று, எலியையே குறிக்கும். ஆகவே ‘பன்றியெலி’ என்பதே அதன் பொருள். பெருத்த உடலும் நீண்ட மூஞ்சியும் மண்ணைப் பறிக்கும் வழக்கமும், சினந்தவிடத்துப் பன்றிபோல் உறுமும் இயல்பும் இப்பெயருக்குக் காரணமாயின. சிங்களத்திலும் இவ்விலங்கு ‘ஊருமீயா’ எனப்படும். அதன் பொருளும் பன்றியெலி என்பதே. இரு மொழியும் அடுத்தடுத்துப் பேசப்படும் புத்தளத்துக் கரையோர ஊர்களிலே இவ்வொற்றுமையை எவரும் எளிதிற் கேட்டறியலாம்.

தமிழ் மக்கள் இவ்விலங்கைப் பெருச்சாளி என்றனர். வரம்பைத் துளைப்பதும் களஞ்சியத்து நெல்லைக் கவர்வதும் இளங்கன்றின் அடியைக் கறிப்பதும் இதன் தொழிலாதலின் உழவர்க்கு இது பகை. ஆயினும், சைவ மரபு இதனை இகழ்ந்து தள்ளவில்லை. கச்சியப்பரின் கந்தபுராணம் கூறும் வரலாற்றின்படி, விநாயகப்பெருமானோடு பொருத கயமுகாசுரன் ஈற்றிலே பெருச்சாளி வடிவெடுத்து எதிர்த்தான். பெருமான் அவனை அடக்கித் தம் ஊர்தியாக்கிக் கொண்டார். பகையாக வந்ததைக் கொல்லாது பணிகொண்ட இவ்வருளினாலேயே, வயலிலே துரத்தப்படும் உயிர் கோயிலிலே வணங்கப்படுவதாயிற்று. ஒரு விலங்கு ஒரு பெருமைக்கு அடையாளமாகி நிற்றல் இம்மண்ணிலே பழைய வழக்கமாகும்.

கடல் கடந்த பெயர்

1788ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் நியூ சவுத் வேல்ஸிற் குடியேறினர். அங்கே நீண்ட மூக்கினாலும் கூரிய நகங்களாலும் மண்ணைக் கிளறி உண்ணும் சிறு விலங்கினைக் கண்டபோது, இந்தியாவிலே தம்மவர் வழங்கிய பெயரையே அதற்கும் இட்டனர். தோற்றத்தைக் கொண்டு இட்ட அப்பெயர் இனத்தால் முற்றும் பொருந்தாதது. பெருச்சாளி கொறிக்கும் இனத்தது. அவுஸ்திரேலிய விலங்கோ குட்டியை வயிற்றுப்பையில் வைத்து வளர்க்கும் கங்காருவின் கூட்டத்தது. விஞ்ஞானிகள் அதன் ஒரு பேரினத்துக்கு இட்ட ‘பெரமெலிஸ்’ என்னும் பெயர் பையுடைய வளைக்கரடி என்று பொருள்படும். அவ்வாறு திருத்தம் செய்யப்பட்டும் மக்கள் வழக்கிலே தெலுங்குப் பெயரே நின்றது. அவ்வினங்களுள் ஒன்றின் குளம்பு பன்றிக்குளம்பை ஒத்திருந்தமையால் ‘பன்றிக்கால் பாண்டிக்கூட்’ எனப்பட்டது. பெயரினுள்ளே முன்னரே ஒரு பன்றி இருந்தமையை அப்பெயரிட்டோர் எண்ணினரல்லர்.

விளையாட்டின் தோற்றம்

வீடியோ விளையாட்டுக்களுள், மேடைக்கு மேடை தாவியும் குழிகளைக் கடந்தும் பகைவரை மிதித்தும் முன்னேறுவது ஒருவகை. யப்பானிலே மியாமோட்டோ ஷிகேரு உருவாக்கி நின்டென்டோ நிறுவனம் 1981இல் வெளியிட்ட ‘டொங்கி கொங்’ இவ்வகைக்கு வழிகாட்டிற்று. அதிலே தோன்றிய மாரியோ என்னும் தொழிலாளன் பின்னர் அந்நிறுவனத்தின் முகமேயாயினான். அவனை வெல்ல விரும்பிய சேகா நிறுவனம் 1991இல் விரைந்தோடும் நீலநிற முள்ளெலி ஒன்றைச் ‘சோனிக்’ என்னும் பெயரால் வெளியிட்டது. அதன் வெற்றிக்குப்பின், ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு விலங்குத் தலைவனைத் தேடலாயிற்று. கொடியிலே விலங்கினைப் பொறித்த பண்டை வேந்தரின் வழக்கம் வணிகரிடத்தே புத்துருவம் பெற்றது போலும்.

சொனி நிறுவனம் 1994ஆம் ஆண்டு டிசம்பரிலே யப்பானில் ‘பிளேஸ்டேஷன்’ என்னும் கருவியை வெளியிட்டபோது அதற்கென ஒரு விலங்குத் தலைவன் இருந்திலன். அவ்விடத்தை நிரப்பியோர் அன்டி கவின், ஜேசன் ரூபின் என்னும் இரு அமெரிக்க இளைஞர். பள்ளிப் பருவத்திலேயே, 1984ஆம் ஆண்டில், அவர்கள் தொடங்கிய நிறுவனம் பின்னர் ‘நோட்டி டோக்’ எனப் பெயர் பெற்றது. 1994இல், மார்க் சேர்னி என்பார் இருந்த யுனிவேர்சல் இன்டராக்டிவ் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்துகொண்ட அவ்விருவரும், பொஸ்டனிலிருந்து லொஸ் ஏஞ்சலிஸுக்குக் காரிலே சென்றனர். அந்நெடும்பயணத்திலே, இதுகாறும் பக்கவாட்டில் ஓடிய தலைவனை இனி அவன் முதுகுப்புறமிருந்து பார்த்தால் என்னை என்னும் எண்ணம் அவர்க்குத் தோன்றிற்று.

தஸ்மேனியாத் தீவின் விலங்குகளைக் கூறும் நூலொன்றைப் பார்த்து, பிறர் கைக்கொள்ளாத விலங்கு யாதென ஆராய்ந்தனர். முதலில் வொம்பட் என்னும் விலங்கை எண்ணி ‘வில்லி’ எனப் பெயரிட்டுப் பணி செய்தனர். ஈற்றிலே பாண்டிக்கூட்டைத் தெரிந்தனர். சார்ள்ஸ் செம்பில்லாஸ், ஜோ பியர்சன் என்னும் ஓவியர் அதற்கு உருவமைத்தனர். கதையின்படி, நியோ கோர்டெக்ஸ் என்னும் தீய விஞ்ஞானி உலகை வெல்லும் படைக்குத் தலைவனாக இவ்விலங்கை மாற்ற முயல்கின்றான். அம்முயற்சி பிழைக்க, படைத்தலைவனாக வேண்டியவன் பகைவனாகின்றான். கடற்கரையிலே ஒதுங்கிக் கிடக்கும் தலைவன் எழுந்து ஓடத் தொடங்குவதே ஆட்டத்தின் முதற்காட்சி. தென்னையும் மணலும் கடலும் சூழ்ந்த அக்காட்சி, கற்பிட்டியிலோ உடப்பிலோ பிறந்த சிறுவனுக்கு அந்நியமாகத் தோன்றாது.

கருவியின் எல்லை

இவ்விளையாட்டின் சிறப்பை அறியவேண்டின் அக்கருவியின் வறுமையை அறிதல் வேண்டும். பிளேஸ்டேஷனின் முதன்மை நினைவகம் 2 மெகாபைட் மாத்திரமே. இன்று ஒரு கைத்தொலைபேசியில் எடுக்கும் புகைப்படம் ஒன்றே அவ்விடத்தை நிரப்பிவிடும். ஆட்டம் அடங்கிய குறுந்தட்டோ 600 மெகாபைட்டுக்கு மேற்பட்ட தகவலைக் கொள்ளவல்லது. ஆதலின், தலைவன் ஓடஓட, அடுத்து வேண்டிய பகுதியை 64 கிலோபைட் அளவான துண்டுகளாகத் தட்டிலிருந்து எடுத்து, கழிந்த பகுதியை நீக்கும் முறையைக் கவின் வகுத்தார். பாத்திரங்களின் நடத்தையை எழுதுதற்கெனத் தனி நிரல்மொழி ஒன்றையும் அமைத்தார். ஆட்டப் பாதை ஒடுக்கமாக அமைந்தமையும் காரணம் பற்றியதே: எவ்விடத்து நின்றால் எவை கண்ணுக்குத் தோன்றும் என்பதை முன்னரே பெரிய கணினிகளிற் கணித்து வைத்தமையால், சிறிய கருவி தோன்றுவனவற்றை மாத்திரம் வரைந்தது. தலைவன் உருவம் ஏறத்தாழ 512 பல்கோணிகளால் ஆயது. காட்டின் பச்சையினிடையே பளிச்சிட்டுத் தோன்றும் பொருட்டு அவனுக்குச் செம்மஞ்சள் நிறம் தீட்டப்பட்டது. மெய்யான விலங்கோ சாம்பல் கலந்த கபில நிறத்தது.

அதே 1996ஆம் ஆண்டிலே நின்டென்டோ வெளியிட்ட ‘சுப்பர் மாரியோ 64’ பரந்த வெளியிலே எத்திசையும் செல்லும் உரிமையை அளித்தது. கிராஷோ ஒரே பாதையிலே நுணுகிய அழகைக் காட்டிற்று. முன்னது புதுநெறி வகுத்தது; பின்னது எல்லையை அறிந்து அதனுள்ளே நிறைவு கண்டது. 1996 செப்டெம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த இவ்வாட்டம் 60 இலட்சத்துக்கு மேற்பட்ட படிகள் விற்பனையாயிற்று. விளம்பரத்திலே, கிராஷ் வேடமணிந்த ஒருவன் நின்டென்டோ அலுவலகத்தின் முன்னின்று ஒலிபெருக்கியால் அறைகூவினான்.

ஆக்கியோரும் உடையோரும்

1997, 1998ஆம் ஆண்டுகளில் இரண்டாம் மூன்றாம் பாகங்களும், 1999இல் ஒரு வண்டியோட்டப் பந்தய ஆட்டமும் வெளிவந்தன. அதனோடு ஆக்கியோர் தம் படைப்பை விட்டுப் பிரிந்தனர். உடன்படிக்கையின்படி கிராஷ் என்னும் பாத்திரத்தின் உரிமை யுனிவேர்சலிடமே இருந்தமை இதற்கு ஏதுவாயிற்று. 2001இல் நோட்டி டோக் நிறுவனத்தைச் சொனி வாங்கிற்று. ஆயினும், சொனியின் அடையாளமென உலகம் எண்ணிய கிராஷ் சொனிக்கு உரியதாகவில்லை. அவ்வுரிமை யுனிவேர்சலிலிருந்து விவென்டிக்கும், 2008இல் அக்டிவிஷனுக்கும், 2023இல் அக்டிவிஷனை வாங்கிய மைக்ரோசொப்டுக்குமாகக் கைமாறிற்று. இடையிலே பிறர் இயற்றிய ஆட்டங்கள் பல வந்தன. 2008க்குப்பின் பெரிய ஆட்டமெதுவும் வராத நெடுமௌனமும் நிகழ்ந்தது. 2017இல் முதல் மூன்று ஆட்டங்களும் புதுக்கி வெளியிடப்பட்டபோது ஒரு கோடிக்கு மேற்பட்ட படிகள் விலைபோயின. 2020இல் நான்காம் பாகம் வந்தது. பெற்றோர் பிரிந்தும் பிள்ளை வளர்ந்த கதையாக இது முடிந்தது. எழுதுவோரும் வரைவோரும் இயற்றுவோரும், கையொப்பமிடும் நாளிலே உரிமைப் பகுதியை ஊன்றிப் படித்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

பெயரும் உயிரும்

இனி, பெயர் சுமந்த விலங்கின் நிலையை நோக்குவோம். கிராஷுக்கு மூலமாகிய கிழக்குக் கோட்டுப் பாண்டிக்கூட், தஸ்மேனியாவிலே இன்றும் வாழ்கின்றது. அவுஸ்திரேலியப் பெருநிலத்தின் விக்டோரியா மாநிலத்திலோ, ஐரோப்பியர் கொண்டுவந்த நரிகளாலும் புல்வெளிகள் அழிந்தமையாலும் அது காட்டுவாழ்விலிருந்து அற்றுப்போயிற்று. பேணி வளர்த்தவற்றை நரியற்ற தீவுகளிலும் வேலியிட்ட நிலங்களிலும் விட்டுப் பெருக்கிய பின்னரே, 2021இல் அந்நிலை திருத்தப்பட்டு, ‘அழிவை எதிர்நோக்கும் இனம்’ என்னும் அளவுக்கு அது மீட்கப்பட்டது. பன்றிக்கால் பாண்டிக்கூட்டுக்கு அந்நற்பேறு கிட்டவில்லை. அது 20ஆம் நூற்றாண்டிலே முற்றாக மறைந்தது. படத்திலே எண்ணிறந்த முறை விழுந்து எழும் தலைவனுக்குள்ள மறுபிறப்பு மண்ணிலே உள்ள உயிருக்கு இல்லை.

தொடக்கத்தில் எழுந்த மூன்று வினாக்களுக்கும் இனி விடை கூறலாம். படைப்பின் உரிமை பத்திரத்தால் அமைவது. அதனை இழந்தோர் புகழால் மீட்க முடியாது. உயிரின் உரிமை காப்போரின் உழைப்பால் அமைவது. அதனைப் பெயரின் புகழ் தானே காத்துவிடாது. பெயரின் உரிமையோ விலைக்கு வாங்கப்படாதது. கிராஷ் என்னும் பாத்திரத்தை எந்நிறுவனம் கொண்டாலும், பாண்டிக்கூட் என்னுஞ் சொல் ஆந்திர நாட்டு உழவன் தன் வயலிலே கண்ட விலங்குக்கு இட்ட பெயராகவே இருக்கும். அதனை உரிமை கொள்ளும் வழி அறிதல் ஒன்றே.

அவ்வறிவைத் தேடும் பணி மாணவர்க்கு எட்டாததன்று. தமிழும் சிங்களமும் வழங்கி, அரபியரும் போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் வந்து சென்ற புத்தளத்துக் கரையிலே, மீனுக்கும் வலைக்கும் படகுக்கும் காற்றுக்கும் உப்பளக் கருவிக்கும் வழங்கும் பெயர்கள் எத்துணையோ உள. அவற்றைக் கேட்டு, எழுதி, ஒப்புநோக்கி வைத்தல் வேண்டும். முதியோர் நாவிலே மாத்திரம் வாழும் சொற்கள் அவரோடு மறைந்துவிடுமாதலின், அப்பணி காலந்தாழ்த்தற்குரியதன்று.