ஏரி இருந்த இடத்தில் எழுந்த பெயர்கள்

சென்னை தியாகராய நகரின் நடுவில் இருக்கிற பனகல் பூங்காவைச் சுற்றியுள்ள சாலைகளின் பெயர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தால், நீதிக்கட்சியின் வரலாற்றில் பாதி அந்தத் தாளில் வந்துவிடும். உஸ்மான் சாலை, தியாகராயர் சாலை, ஜி.என்.செட்டி சாலை, வெங்கட்நாராயணா சாலை. சற்றுத் தள்ளிப் போனால் டாக்டர் நாயர் சாலை, நடேசன் பூங்கா. பட்டெடுக்கவும் நகை வாங்கவும் தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வருகிறவர்கள் இந்தப் பெயர்களை நாள்தோறும் ஆட்டோக்காரரிடமும் பேருந்து நடத்துநரிடமும் சொல்கிறார்கள். பெயருக்கு உரியவர்கள் யார், எதற்காக இங்கே குடியேற்றப்பட்டார்கள் என்பதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கே நகரமே கிடையாது, ஏரிதான் இருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை பிறைபோல வளைந்து கிடந்த அந்த நீர்ப்பரப்பை வெள்ளைக்காரர்கள் ‘லாங் டேங்க்’ என்றார்கள். சென்னைப் படகுக் குழாமின் போட்டிகள்கூட அதில் நடந்திருக்கின்றன. ஜார்ஜ் டவுனிலும் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் நெரிசல் கூடிக்கொண்டே போனது. மாம்பலத்துக்கு 1911-இல் ரயில் நிலையம் வந்தது. 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் நிறைவேறியது. அடுத்த சில ஆண்டுகளில் ஏரியை வடித்து, மனை பிரித்து, நடுவில் பூங்கா விட்டு, அதைச் சுற்றி அகலமான சாலைகள் போட்டுப் புதிய குடியிருப்பு உருவானது. அன்று சென்னை மாகாணத்தை ஆண்டது நீதிக்கட்சி. தான் உருவாக்கிய நகருக்குத் தன் தலைவர்களின் பெயர்களையே அது சூட்டியது.

ஏரியின் நினைவு முற்றிலும் போய்விடவில்லை. மேற்கு மாம்பலத்தில் ஏரிக்கரை இல்லாத ‘லேக் வியூ சாலை’ இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் ஏரி இல்லாத ‘லேக் ஏரியா’ இருக்கிறது. 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டமும் அந்த ஏரியின் மிச்சத்தில் எழுந்ததுதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்து தெருக்களில் நிற்பதை மாம்பலத்துக்காரர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள்.

பூங்காவுக்குள் சிலையாக நிற்கிற பனகல் அரசரின் இயற்பெயர் பானகன்டி ராமராயநிங்கார். 1866-இல் காளஹஸ்தியில் பிறந்தவர், தெலுங்கர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1921 ஜூலை முதல் 1926 டிசம்பர் வரை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். உள்ளாட்சித் துறையும் அவர் கையில் இருந்தது. ஆளுநரின் அதிகாரம் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்த இரட்டையாட்சிக் காலம் அது. நிதியும் காவலும் இந்திய அமைச்சர்களிடம் தரப்படவில்லை. அந்தச் சிறிய இடத்துக்குள் நின்றுகொண்டு அவர் செய்த இரண்டு வேலைகள் இன்றும் தமிழ்நாட்டின் அன்றாடத்தில் இருக்கின்றன.

முதலாவது, 1921 செப்டம்பரில் வந்த வகுப்புவாரி அரசாணை. அரசுப் பணிகளில் எல்லாச் சமூகத்தினருக்கும் இடம் தர வேண்டும் என்று வழிசொன்ன ஆணை அது. அடுத்து வந்த சுப்பராயன் அமைச்சரவையில் எஸ்.முத்தையா முதலியார் அதை உறுதியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அந்த ஏற்பாடு செல்லாது என்று 1951-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது சென்னையில் எழுந்த எதிர்ப்பு, இந்திய அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்துக்குக் காரணங்களில் ஒன்றானது. இரண்டாவது, 1925-இல் வந்த இந்து சமய அறநிலையச் சட்டம். கோயில் சொத்துகளின் கணக்கைப் பொதுக் கண்காணிப்புக்குள் கொண்டுவந்த அந்தச் சட்டத்துக்குக் கடும் எதிர்ப்பு கிளம்பியது. பனகல் அரசர் பின்வாங்கவில்லை. இன்றைய அறநிலையத் துறையின் வேர் அங்கே இருக்கிறது. 1928 டிசம்பரில் அவர் மறைந்தார். தி.நகரில் பூங்காவும் சைதாப்பேட்டையில் பனகல் மாளிகையும் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

நகருக்கே பெயர் தந்தவர் சர் பிட்டி தியாகராயர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தலைப்பாகை. ‘வெள்ளுடை வேந்தர்’ என்று ஊர் அழைத்தது. 1882-இல் மாநகராட்சி மன்றத்துக்குள் நுழைந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அங்கே உழைத்தார். 1920 தேர்தலில் கட்சி வென்றதும் ஆளுநர் வில்லிங்டன் அவரைத்தான் அமைச்சரவை அமைக்க அழைத்தார். தியாகராயர் மறுத்துவிட்டார்; கடலூர் சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சரானார்.

பதவியை மறுத்த அதே ஆண்டில், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நண்பகலில் உணவு தரும் தீர்மானம் தியாகராயர் தலைமையிலான மாநகராட்சி மன்றத்தில் நிறைவேறியது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு. பசியோடு வருகிற ஏழைப் பிள்ளை பள்ளியில் தங்காது என்பதைக் கண்டுகொண்ட ஏற்பாடு. 1956-இல் முதலமைச்சர் காமராசர் மதிய உணவை மாநிலம் முழுமைக்கும் கொண்டுபோகத் தொடங்கினார், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். காமராசர் வாழ்ந்து மறைந்த வீடு தி.நகர் திருமலைப்பிள்ளை சாலையில் நினைவில்லமாக இருக்கிறது. எம்.ஜி.ஆரின் நினைவில்லம் ஆற்காடு தெருவில். மூன்று தலைமுறை மதிய உணவின் வரலாற்றை ஒரே பேட்டையில் நடந்தே பார்த்துவிடலாம். இந்தியாவில் வேறெந்த ஊருக்கும் எளிதில் வாய்க்காத பேறு இது.

வெங்கட்நாராயணா சாலையில் இருக்கும் நடேசன் பூங்கா, டாக்டர் சி.நடேசனார் பெயரில் அமைந்தது. நீதிக்கட்சியைத் தொடங்கிய மூவரில் புகழ் குறைந்தவர் அவர். ஆனால் தொடக்கம் அவருடையது. வெளியூரிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்களுக்குத் தங்க இடமும் உண்ண உணவும் கிடைப்பது பெரும்பாடாக இருந்த காலம். மருத்துவரான நடேசனார் 1912-இல் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அதுதான் பின்னர் திராவிடச் சங்கம் ஆனது. திருவல்லிக்கேணியில் ‘திராவிடர் இல்லம்’ என்ற விடுதியையும் நடத்தினார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே.சண்முகம் செட்டியார் அந்த விடுதியில் தங்கிப் படித்தவர்.

டாக்டர் டி.எம்.நாயரும் தியாகராயரும் மாநகராட்சி மன்றத்தில் எதிரெதிராக நின்றவர்கள். இருவரையும் பேசவைத்து ஒரே மேடைக்குக் கொண்டுவந்ததில் நடேசனாருக்குப் பெரும்பங்கு உண்டு. 1916 நவம்பர் 20 அன்று தென்னிந்திய நல உரிமைச் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ‘ஜஸ்டிஸ்’ நாளேடு வெளிவந்தது. ஏட்டின் பெயரே கட்சிக்கும் நிலைத்தது. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்துக்காக வாதாட லண்டன் சென்ற நாயர், 1919 ஜூலையில் அங்கேயே உயிர்விட்டார். மன்றத்தில் மோதிக்கொண்ட இருவரும் தி.நகர் வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்துச் சாலைகளாகக் கிடக்கிறார்கள்.

உஸ்மான் சாலையில் நினைக்கப்படுபவர் சர் முகமது உஸ்மான். 1934-இல் சில மாதங்கள் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக இருந்தவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர். தெலுங்கு அரசர், தெலுங்கு வணிகர், மலையாள மருத்துவர், தமிழ் மருத்துவர், முஸ்லிம் ஆளுநர் என்று ஒரே பேட்டையில் இவர்கள் சேர்ந்திருப்பது தற்செயலாக நடந்ததல்ல. அன்றைய சென்னை, நான்கு மொழிகள் பேசிய மாகாணத்தின் தலைநகரம். மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்த பிறகு கலைந்துபோன அந்தக் கூட்டை, தி.நகரின் தெருப்பலகைகள் இன்னமும் கலைக்காமல் வைத்திருக்கின்றன.

மயிலாப்பூர் லஸ்ஸில் இருக்கும் நாகேஸ்வரராவ் பூங்காவும் அதே கூட்டைச் சேர்ந்ததுதான். காசிநாதுனி நாகேஸ்வரராவ் 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சன் தைலத்தைத் தொடங்கினார். அதில் வந்த பணத்தைக் கொண்டு ‘ஆந்திர பத்திரிகை’யை நடத்தினார், 1914-இல் அது சென்னைக்கு வந்து நாளேடானது. ஆந்திராவுக்குத் தனி மாகாணம் வேண்டும் என்ற இயக்கத்தின் முன்னணியில் அவர் இருந்தார். கடலோர ஆந்திரத் தலைவர்களும் ராயலசீமைத் தலைவர்களும் 1937-இல் செய்துகொண்ட உடன்பாட்டுக்கு ‘ஸ்ரீபாக் ஒப்பந்தம்’ என்று பெயர். ஸ்ரீபாக் என்பது மயிலாப்பூரில் இருந்த அவருடைய வீடு. பிரிந்துபோக விரும்பியவரின் பெயரில் ஒரு பூங்கா, பிரிந்த பிறகும் தமிழ்நாட்டின் தலைநகரில் அப்படியே இருக்கிறது. காலையில் அங்கே நடக்க வருகிறவர்களும், ஒலிபெருக்கி இல்லாமல் நடக்கும் இளம் பாடகர்களின் கச்சேரியைக் கேட்க வருகிறவர்களும் அந்தப் பெயரைத் தங்கள் பெயராகவே சொல்கிறார்கள்.

சென்னையின் எல்லாப் பூங்காக்களுக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. 1859-இல் ஆளுநர் டிரெவெலியன், பார்க் டவுனில் 116 ஏக்கரில் மக்கள் பூங்காவை அமைத்தார். குளங்களும் வண்டிப் பாதைகளும் இசை மேடையும் விலங்குக் காட்சிசாலையும் அதில் இருந்தன. பிறகு ஒவ்வொரு துண்டாகப் போயிற்று. விக்டோரியா மண்டபம் வந்தது, 1900-இல் மூர் மார்க்கெட் வந்தது, 1913-இல் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வந்தது, விளையாட்டரங்கம் வந்தது. மூர் மார்க்கெட் 1985-இல் தீயில் போனது. அதே ஆண்டு விலங்குகள் வண்டலூருக்குப் போயின. எஞ்சியது சிறு பகுதிதான். எல்லாருக்கும் பொதுவான பெயரைக் கொண்ட பூங்காவுக்காக, வெட்டும்போதெல்லாம் குரல் கொடுக்கத் தனியாக யாரும் இல்லை. சிந்தாதிரிப்பேட்டையில் ஆளுநர் நேப்பியர் பெயரில் இருந்த பூங்காவோ, தொழிலாளர் நாளின் பெயரை ஏற்று மே தினப் பூங்கா ஆகித் தப்பித்தது.

நீதிக்கட்சியின் பேட்டைக்குள் அதன் கருத்துக்கு வெளியே நின்ற ஒருவரும் பின்னாளில் இடம்பெற்றார். தி.நகரிலேயே இருக்கும் ஜீவா பூங்கா, பொதுவுடைமைத் தலைவர் ப.ஜீவானந்தத்தின் நினைவு. 1952-இல் வண்ணாரப்பேட்டையிலிருந்து சட்டமன்றம் சென்றவர், ‘தாமரை’ இதழைத் தொடங்கியவர், 1963-இல் மறைந்தவர். செனாய் நகரில் இருக்கும் பூங்கா திரு.வி.க. பெயரில் உள்ளது. பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918-இல் எழுந்த சென்னைத் தொழிலாளர் சங்கத்தை பி.பி.வாடியாவோடு நின்று வளர்த்தவர் அவர். தமிழ் மேடைப் பேச்சுக்கும் பத்திரிகை நடைக்கும் புதிய உயிர் தந்தவரும் அவரே.

திரு.வி.க. பூங்காவின் கீழே மெட்ரோ நிலையம் தோண்டினார்கள். மரங்கள் போயின, பூங்கா பல ஆண்டுகள் மூடிக்கிடந்தது. 2017-இல் ரயில் ஓடத் தொடங்கிய பிறகும் பூங்கா மக்களிடம் திரும்பிவர நெடுநாள் ஆயிற்று. அதே வேலை இப்போது பனகல் பூங்காவுக்கு வந்திருக்கிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் வழித்தடத்தில் பனகல் பூங்கா ஒரு சுரங்க நிலையம். பூங்காவின் ஒரு பகுதி தகரத் தடுப்புக்குள் போனது. நிலையத்துக்குப் பனகல் பெயரே இருப்பது நல்லது. ஒவ்வொரு ரயிலிலும் அறிவிப்பாக அது ஒலிக்கும்.

பெயரை ஒலிக்கவிட்டால் மட்டும் போதாது. நிலையத்துக்கு நீளமான சுவர்கள் இருக்கும்; மேலே பூங்காவைப் புதிதாக அமைக்க இடமும் இருக்கும். ஏரி இருந்தபோதும் வடிந்த பிறகும் எப்படி இருந்தது என்று காட்டும் இரண்டு வரைபடங்கள், 1921 அரசாணை, மதிய உணவுக்கான மாநகராட்சித் தீர்மானம், சாலைக்குப் பெயர் தந்த ஒவ்வொருவரையும் பற்றித் தமிழில் பத்து வரி. இவ்வளவும் அங்கே இடம்பெற வேண்டும். இதற்கான ஆவணங்களைத் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, ரிப்பன் மாளிகையில் மாநகராட்சியின் பழைய பதிவுகள் இருக்கின்றன. தடுப்புகளை எடுக்கும் நாளுக்குள் அரசும் மாநகராட்சியும் மெட்ரோ நிறுவனமும் இந்த வேலையை ஆய்வாளர்களிடம் ஒப்படைக்க வேண்டும். சிமெண்ட் பூசி, ஓடு பதித்து, விளம்பரப் பலகை மாட்டிய பிறகு கேட்டால் சுவரில் இடம் இருக்காது.