மருந்து விற்ற பணத்தில் ஓர் இசை ஆராய்ச்சி

ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) தஞ்சாவூரில் சித்த வைத்தியராகப் பொருள் ஈட்டி, அதைத் தமிழிசை ஆராய்ச்சிக்குச் செலவிட்டவர். அவருடைய இசைப்பணி கிறிஸ்தவ பக்தியிலிருந்து கிளைத்தது. அதைத் தாங்கி நின்றவர்கள் மனைவி, மக்கள், பேரப்பிள்ளைகள்.

தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரை அவர் பிறந்த ஊர். திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில் சடையாண்டிப் பத்தரிடம் வயலின் கற்றார். வைத்திய நாட்டம் அவரைச் சுருளிமலைக்கு இழுத்துச் சென்றது. அங்கே கருணானந்தர் என்ற துறவி அவருக்கு மருந்து முறைகளைச் சொல்லிக்கொடுத்தார். 1882-இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். தஞ்சைக்குக் குடிவந்த தம்பதியர் லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் பாடம் நடத்தினர். 1890-இல் பள்ளி வேலையை விட்டு முழுநேர வைத்தியத்தில் இறங்கினார் பண்டிதர். 'கருணானந்தர் சஞ்சீவி' மருந்துகள் இலங்கை, பர்மா வரை விற்பனையாயின. ஊருக்கு வெளியே அவர் வாங்கிய நிலத்தில் மூலிகையும் கரும்பும் விளைந்தன. மக்கள் அதைப் பண்டிதர் தோட்டம் என்றே அழைத்தார்கள். 1908-இல் சென்னை ஆளுநர் ஆர்தர் லாலி வந்து அதைப் பார்வையிட்டார். பண்டிதரின் அச்சகத்துக்கும் லாலியின் பெயரே வைக்கப்பட்டது. 1909-இல் ராவ் சாகிப் பட்டம் கிடைத்தது. தேவாலயத்துக்குத் தவறாமல் போன இந்தக் கிறிஸ்தவர் தம் மருந்துக்கும் நூலுக்கும் சுருளிமலைத் துறவியின் பெயரையே சூட்டினார். அதில் அவருக்கு எந்த முரண்பாடும் தெரிந்ததாகக் குறிப்பில்லை.

தஞ்சைக் கிறிஸ்தவர்களிடையே கர்நாடக இசை புதிதல்ல. நெல்லைச் சீமையிலிருந்து வந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) சரபோஜி மன்னர் காலத்திலேயே கீர்த்தனைகளால் அந்தச் சபைகளை நிறைத்திருந்தார். பண்டிதருக்கு முன்னிருந்த சிக்கல் வேறு. இசை பயிலும் பிள்ளைகள் முதலில் பாடும் கீதங்கள் தெலுங்கிலும் வடமொழியிலுமே இருந்தன. அவர் தமிழில் பாடல்கள் இயற்றி, 'கருணாமிர்த சாகரத் திரட்டு' என 1907-இல் வெளியிட்டார். அப்பாடல்களுக்குச் சுரப்படுத்தப் போனவரை, சுரங்களுக்கு இடையிலான தூரம் எவ்வளவு என்ற கேள்வி பிடித்துக்கொண்டது. எஞ்சிய வாழ்நாளில் பெரும்பகுதி அதற்கே போயிற்று.

ஒரு தாயிக்கு (ஸ்தாயிக்கு) 22 சுருதி என்பது சார்ங்கதேவரின் 'சங்கீத ரத்னாகர'த்தை ஒட்டி வந்த மரபு. சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் சொல்லும் பாலை முறைகளை ஆராய்ந்த பண்டிதர், 24 என்றார். வாதத்தின் உயிர்நிலை ஒரு கூட்டல் கணக்குத்தான். சட்ஜத்திலிருந்து பஞ்சமம், அந்தப் பஞ்சமத்தைச் சட்ஜமாக்கி அதற்கொரு பஞ்சமம் என்று பன்னிரண்டு முறை ஏறினால், ஏழு தாயி கடந்து மீண்டும் சட்ஜத்துக்கே வர வேண்டும். 22 சுருதிக் கணக்கில் பஞ்சமம் 13 சுருதி தள்ளி நிற்கிறது. பன்னிரண்டு பதின்மூன்று 156. ஏழு தாயிக்கோ 154 தான். இரண்டு சுருதி மிஞ்சுகிறது. 24 சுருதிக் கணக்கில் பஞ்சமம் 14-ஆவது. பன்னிரண்டு பதினான்கு 168, ஏழு இருபத்து நான்கும் 168. வட்டம் மூடிக்கொள்கிறது. பன்னிரு ராசி வட்டத்தில் சுரங்களை நிறுத்தும் வட்டப்பாலையோடு இது பொருந்துவதை அவர் பெரிய சான்றாகக் கொண்டார். ஆனால் ஒவ்வொரு பஞ்சமத்துக்கும் அதிர்வெண்ணை 3/2 மடங்காகப் பெருக்கிக்கொண்டே போனால் வட்டம் மூடுவதில்லை, நூலிழை மிஞ்சும். சம இடைவெளி இருந்தால்தான் அது மூடும். பியானோவின் சுர அமைப்பைத் தமிழிசையில் ஏற்றுகிறார் என்று மறுத்தவர்களுக்குப் பிடி கிடைத்தது இங்கேதான்.

1912-இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். 1914-க்குள் ஆறு மாநாடுகள் கூடின. வித்வான்களின் செலவு முழுவதையும் பண்டிதரே ஏற்றார். 1916 மார்ச்சில் பரோடாவில் நடந்த அகில இந்திய சங்கீத மாநாட்டுக்கு மகள்கள் மரகதவல்லி, கனகவல்லி இருவரையும் அழைத்துப் போனார். தந்தை கருத்தை விளக்க, மகள்கள் வீணையில் வாசித்துக் காட்டினார்கள். குடும்பப் பெண்கள் சபையேறி வாசிப்பதே அரிதாயிருந்த நாளில், ஓர் ஆராய்ச்சிக்கே அவர்கள் வாசிப்பு சான்றாயிற்று.

அடுத்த ஆண்டு 'கருணாமிர்த சாகரம்' ஆயிரம் பக்கங்களுக்கு மேல் விரிந்து, சொந்த அச்சகத்திலேயே அச்சேறியது. கடல்கொண்ட லெமூரியா பற்றி அதில் சொல்லப்படுபவற்றை இன்றைய நிலவியல் ஏற்காது. பாலைகளின் கணக்கும் சுருதி விவாதமும் மட்டும் இன்றும் வாசிக்கப்படுகின்றன. பொன்னம்மாள் 1911-இலேயே காலமாகிவிட்டார். அதன்பின் பண்டிதர் பாக்கியம்மாளை மணந்தார். 1919 ஆகஸ்ட் 31-இல் அவர் மறைந்தபோது, இராகங்கள் பற்றிய 'கருணாமிர்த சாகர'த்தின் இரண்டாம் பாகம் அச்சாகாமல் கிடந்தது. குடும்பத்தாரின் முயற்சியில் அது 1946-இல் வெளியாயிற்று.

மகன் வரகுண பாண்டியன் 1950-இல் 'பாணர் கைவழி' என்னும் யாழ்நூலை எழுதி, யாழும் வீணையும் ஒன்றே என்று வாதிட்டார். விபுலாநந்தரின் 'யாழ்நூல்' வந்து மூன்றே ஆண்டில் எழுந்த மறுப்பு அது. பேரன் தனபாண்டியன் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியரானார். தாத்தா பிடித்த சுருதிக் கணக்கை மேலும் நுணுக்கி, 'நுண்ணலகுகளும் இராகங்களும்' என்ற நூலை எழுதினார்.